பத்தாவது கை

அந்த வரி அவளுக்கு மனப்பாடம். எட்டு வருடங்களுக்கு முன் ஒரு முதலீட்டுப் பத்திரிகையின் பதினான்காம் பக்கத்தில் வந்தது. "தயாரித்த ஒவ்வொரு பெட்டியையும் மூன்று நாள் சூடான அறையில் பூட்டிவைத்து வேடிக்கை பார்க்கும் நிறுவனம் போட்டியில் நிற்கப்போவதில்லை; அந்த அறையில் ஆவியாகிக்கொண்டிருப்பது பங்குதாரர்களின் பணம்." அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தன் மருத்துவச் சீட்டுகள் இருக்கும் பிளாஸ்டிக் கோப்பில் வைத்திருந்தாள். டாக்டரிடம் போகும்போதெல்லாம் அதுவும் கூடவே போய் வந்தது. ஒருமுறை டாக்டர் அதை உருவிப் பார்த்துவிட்டு, "இது எந்த லேப் ரிப்போர்ட்?" என்று கேட்டார்.

"பிரஷருக்குக் காரணம் அதுதான் டாக்டர்" என்றாள்.

அவளை நோகடித்தது 'ஆவி'யும் அல்ல, 'பண'மும் அல்ல. 'வேடிக்கை' என்ற சொல்தான். இருபத்து நான்கு வருடம் அந்த அறையை நடத்தியவள் அவள்.

நிறுவனம் சிறியது, அறுபது பேர். அவர்கள் செய்தது நெட்வொர்க் பெட்டி. அலுவலகம், பள்ளி, மருத்துவமனை என்று எங்கே போனாலும் ஏதோ ஒரு மூலையில் அலமாரிக்குள் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருக்கும் தட்டையான இரும்புப் பெட்டி. ஒரு கட்டடத்தின் கணினிகளையெல்லாம் ஒன்றோடொன்று பேச வைப்பது அதுதான். பெட்டி தயாரானதும் நேரே கடைக்குப் போகாது. முதலில் அவளிடம் வரும். இரண்டு குளியலறை சேர்ந்த அளவுக்கு ஓர் அறை. மூன்று சுவரிலும் இரும்புத் தட்டுகள். உள்ளே ஐம்பது டிகிரி சூடு. பெட்டிகளை அடுக்கி, கேபிள்களைச் செருகி, கதவைச் சாத்திவிட்டால் மூன்று பகல், மூன்று இரவு அவை நிற்காமல் ஓட வேண்டும். மணிக்கு ஒருமுறை அவள் ஐந்து நிமிடம் உள்ளே போவாள். விளக்குகளைப் பார்ப்பாள், காற்றாடிச் சத்தத்தைக் கேட்பாள், ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் உள்ளங்கையை வைத்து எடுப்பாள். பலவீனமாகப் பிறந்த பெட்டி அந்த மூன்று நாளைத் தாண்டாது.

"நம்மகிட்ட சாகட்டும், வாங்கினவன்கிட்ட சாகக் கூடாது" என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம், பெரும்பாலும் கடைசிப் பாடமும்.

எல்லோருக்கும் அவள் சூட்டறை அக்கா. கொதிக்கிற டீயை ஆற்றாமல் குடிப்பாள் என்று கேன்டீனில் பந்தயம் கட்டுவார்கள். சாவி வெட்டும் கடை வைத்திருந்த கணவர், "ஊர்ல ஒவ்வொருத்தனும் மனைவி சூடா இருக்காங்கன்னு புலம்புறான். என் மனைவிக்கு அதுக்குத்தான் சம்பளம்" என்பார். இருட்டில் கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தத் தட்டில் எந்தப் பெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்வாள் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை. கண்ணைத் திறந்து வைத்தால் விளக்குகளின் துடிப்பை வைத்துச் சொல்வாள் என்பது உண்மை.

கட்டுரை வந்த வாரம் முதலாளிக்குத் தொலைபேசி ஓயவில்லை. பணம் போட்டவர்கள் வரிசையாகக் கேட்டார்கள்: எதற்கு மூன்று நாள்? இரண்டாவது மாதம் மூன்று நாள் ஒரு நாளாயிற்று. நான்காவது மாதம் அறையைப் பூட்டி உடைந்த நாற்காலிகளைப் போட்டார்கள். அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த கோடையில், வெயில் ஏற ஏற, விற்ற பெட்டிகள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தின. ஒரு மருத்துவமனை தான் வாங்கிய நூற்று இருபதையும் ஒரே லாரியில் திருப்பி அனுப்பியது. அந்த வருடக் கடைசியில் நிறுவனம் மூடிக்கொண்டது. அதே பத்திரிகையில் அதே ஆள் மறுபடி எழுதினார். தலைப்பு: 'அன்றே சொன்னேன்.'

ஒன்று நடக்கும் என்று சொல்வதற்கும் அதை நடத்திவைப்பதற்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று அவள் நெடுநாள் யோசித்தாள். மழை வரும் என்று சொன்னவனால் மழை வருவதில்லை. ஆனால் இன்ன கடை விழும் என்று பத்தாயிரம் பேரிடம் சொன்னால், பத்தாயிரம் பேரும் வெளியே ஓடிய வேகத்திலேயே கடை விழும். பிறகு சொன்னவன் தீர்க்கதரிசி. இந்த யோசனை அவளுக்கு ஆறுதல் எதையும் தரவில்லை. கோபத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கித் தந்தது, அவ்வளவுதான்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவளுடைய தங்கை ஒரு முதலீட்டுக் குழுவில் இருந்தாள். ஆளுக்குச் சம பங்கு போட்டுப் பொதுவில் வைத்து, எல்லோருமாகப் பேசிப் பங்குகள் வாங்கும் பத்துப் பேர் குழு. ஒருவர் ஊர் மாறிப் போனதால் ஓர் இடம் காலியாயிற்று. "நீயும் வாயேன்க்கா, வீட்ல உக்காந்து கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருக்கே" என்றாள். குழுவின் மூளை யார் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். பெயரைக் கேட்டதும் அக்காக்காரி கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். அடுத்த வாரமே தன் பணிக்கொடையில் மீதியிருந்ததைப் பங்காகக் கட்டிவிட்டாள். பதினான்காம் பக்கத்தைப் பற்றித் தங்கையிடம் மூச்சு விடவில்லை. அதைப் படித்திருந்தவர்கள் கணவரும் டாக்டரும் மட்டுந்தான்.

குழு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி அறையில் கூடும். சுவர் முழுக்கச் சாலைக் குறியீட்டுப் படங்கள். நடு மேசையில் பொம்மைக் கார்கள் நிற்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்சந்தி. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் பெண்மணிதான் கூட்டத்தலைவி. பேச்சு முற்றினால் பொம்மை லாரி ஒன்றை எடுத்து நாற்சந்தியின் குறுக்கே வைப்பார், எல்லோரும் வாயை மூட வேண்டும்.

கட்டுரை எழுதிய ஆளை அங்கே வானிலை என்று கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்க" என்று ஆரம்பிப்பார் என்பதால். அறுபது வயது, இஸ்திரி கலையாத சட்டை, யாரையும் பாதிப் பேச்சில் மடக்கும் புன்னகை. அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் அறையைப் பற்றி எழுதினாரே தவிர, அறைக்குள் இருந்த ஆளைப் பற்றி எழுதவில்லை.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. அதை வகுத்தவரும் அவரே. பத்துக் கையும் உயர்ந்தால்தான் பங்கு வாங்கலாம். கை தூக்காதவர் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். காரணம் தேறவில்லை என்றால் ஒரு வருடம் அவர்தான் கூட்டக் குறிப்பு எழுத வேண்டும். காரணம் தேறிவிட்டால், யோசனையைக் கொண்டுவந்தவர் அந்த ஒரு வருடக் குறிப்பேட்டைச் சுமக்க வேண்டும். அதுவரை புது யோசனை சொல்லக் கூடாது. முதல் குறிப்பாக, கை தூக்காதவர் சொல்லச் சொல்ல அந்தக் காரணத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு கைகூடக் கீழே இருந்ததில்லை. விதி அதற்காகத்தான் செய்யப்பட்டது என்பது அவளுக்கு முதல் கூட்டத்திலேயே விளங்கியது.

அவளுடைய மூன்றாவது கூட்டத்தில்தான் வானிலை அந்தப் பேச்சை எடுத்தார். சின்ன நெட்வொர்க் நிறுவனங்களுக்கு எதிர்காலம் உண்டா இல்லையா?

"உண்டு" என்றார். "எங்க பார்த்தாலும் டேட்டா சென்டர் கட்டுறான். பெரிய கம்பெனிக்காரன்கிட்ட பெட்டி கேட்டா எட்டு மாசம் வரிசையில நில்லுங்கிறான். நான் சொல்ற சின்ன கம்பெனி ஆறே வாரத்துல குடுக்குது. காத்து அந்தப் பக்கம் அடிக்குது."

பேக்கரிக்காரர் தலையை ஆட்டினார். "எங்க தெருவுல ஒரு பெரிய கம்பெனி பிரெட் கடை திறந்தான் சார். ஆறு மாசம் பாதி விலைக்கு வித்தான். நாலு பேக்கரி மூடிட்டாங்க. நான் ஏன் மூடலைன்னா கட்டடம் எங்க மாமனாரோடது. உங்க சின்ன கம்பெனிக்கு மாமனார் யாரு?"

சிரிப்பு அடங்கியதும் பல் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடி கேமரா கம்பெனி பங்கு வாங்குறப்பவும் இதே பேச்சுதான் பேசினீங்க."

"அதுல பணம் வந்துதா இல்லையா டாக்டர்?"

"வந்துது. வந்த வழியே போயிடுச்சு."

"அது காத்து மாறினதால. பல்லுன்னா நீங்க பாருங்க, கம்பெனின்னா நான் பாக்குறேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "புதுசா வந்த அம்மா என்ன சொல்றீங்க? பயப்படாம பேசுங்க."

"அவங்க பெட்டியை எத்தனை நாள் ஓட்டிப் பார்த்துட்டு அனுப்புறாங்க?" என்று கேட்டாள்.

வானிலை வாய்விட்டுச் சிரித்தார். "அதெல்லாம் பழைய கூத்தும்மா. அப்படித்தான் ஒரு கம்பெனி பெட்டியைப் போட்டு வேக வச்சுக்கிட்டே இருந்துச்சு. இருந்த இடம் தெரியாம போயிடுச்சு. அதை முதல்ல எழுதினவனே நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்துவிட்டு, உடனே அக்காவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். பெரிதா சிறிதா என்ற வாதம் இன்னும் அரை மணி நேரம் ஓடியது. அவளுக்கு அந்த வாதமே பொய்யாகத் தோன்றியது. மூன்று நாள் காத்திருக்கும் பொறுமை பெரிய இடத்திலும் இருக்கலாம், சிறிய இடத்திலும் இருக்கலாம், இரண்டு இடத்திலும் இல்லாமலும் போகலாம். ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாங்குவதற்கு முன் நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று. டிரைவிங் ஸ்கூல் வேனில் கிளம்பினார்கள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இருக்கையில் வானிலை ஏறிக்கொண்டார். அங்கேயும் ஒரு பிரேக் இருக்கும். பேக்கரிக்காரர் பின்னாலிருந்து, "சார், உங்க காலடியிலயும் பிரேக் இருக்கு. வாழ்க்கையில ஒரு தடவையாவது மிதிச்சுப் பாருங்க" என்றார்.

தொழிற்சாலையில் கோட்டுப் போட்ட ஓர் இளைஞன் அவர்களை ஒரு கண்ணாடி அறைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். உள்ளே ஆளுயரத்துக்கு மூன்று அலமாரி, ஒவ்வொன்றிலும் இருபது பெட்டி. அத்தனை விளக்கும் சிமிட்டிக்கொண்டிருந்தன. "இருநூறு ஆபீஸோட டிராஃபிக் இந்த நிமிஷம் இது வழியாத்தான் ஓடுது" என்றான். வானிலை போனை எடுத்துப் படம் பிடித்தார். பிடித்துக்கொண்டே பேசினார்: "பாருங்க, எல்லாம் எப்படி ஒரே நேரத்துல துடிக்குது! இதுதான் டிமாண்டு!"

அவள் கண்ணாடிக்குக் கிட்டே போனாள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில்தான் துடித்தன. அணிவகுப்பில் கால் எடுத்து வைப்பதுபோல.

அவளுடைய உடம்பு அதை மூளைக்கு முன்னால் புரிந்துகொண்டது. ஒரு கூடத்தில் நூறு பேர் பேசினால் நூறு வாயும் ஒரே நொடியில் திறந்து ஒரே நொடியில் மூடாது. ஒருவர் நீட்டிப் பேசுவார், ஒருவர் ஒற்றைச் சொல்லோடு நிறுத்துவார், ஒருவர் தூங்குவார். வேலை செய்யும் பெட்டியின் விளக்குகளும் அப்படித்தான். எல்லாம் சேர்ந்து துடித்தால் அதற்கு ஒரே அர்த்தம். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். கீழ்த்தட்டில் ஒரு குட்டை மஞ்சள் கேபிள் பெட்டியின் ஒரு துளையிலிருந்து கிளம்பி அதே பெட்டியின் பக்கத்துத் துளைக்குள் புகுந்திருந்தது. அடுத்த பெட்டியிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். வெளியிலிருந்து வரும் பெரிய லைன் எதுவுமே அந்த அலமாரிகளுக்கு வரவில்லை.

சூட்டறையில் இதற்கு 'வாலைக் கடிச்ச பெட்டி' என்று பெயர். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் வாரத்தில் செய்யும் பிழை. இரு முனையையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டால், உள்ளே போன ஒரு சேதி வெளியே வந்து மறுபடி உள்ளே போய், பல்கிப் பெருகி, பெட்டி தன்னிடம் தானே கத்திக்கொண்டிருக்கும். பார்க்கத் தடபுடலாக இருக்கும். உருப்படியாக ஒரு சொல்கூட அங்கே போகாது, வராது. அவளிடம் பிழையாக வந்தது இங்கே கண்காட்சியாக நின்றது.

"பிடிச்சிருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டான் இளைஞன்.

"ரொம்ப" என்றாள். அது பொய்யல்ல. எட்டு வருடத்தில் அவளுக்கு இவ்வளவு பிடித்த காட்சி வேறு கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவரின் கடைக்குப் போனாள். ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே வர வேண்டிய கடை. அவர் ஒரு சாவியை இயந்திரத்தில் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள்.

"அந்தாள் சொந்தப் பணத்தையும் தனியாக் கொண்டுபோய் அங்கதான் கொட்டப்போறாராம். பத்திரிகையிலயும் எழுதப்போறாராம். நான் ஒண்ணுமே செய்ய வேண்டாம். ஞாயித்துக்கிழமை கையைத் தூக்கினா போதும்."

"உன் பங்கு?"

"போகட்டும். அவரு மண்ணைக் கவ்வுறதைப் பாக்க டிக்கெட்டுன்னு வச்சுக்கிறேன்."

"உன் தங்கச்சி பங்கு?"

அவள் அங்கே கிடந்த சாவி ஒன்றை எடுத்துத் திருப்பினாள். ஆறு வருடமாகத் தங்கை வீடு வாங்கச் சேர்த்தது மொத்தமும் அந்தப் பொதுப் பணத்தில்தான் இருந்தது.

"அவளுக்கு நான் குடுத்துக்கிறேன்."

"எதுல இருந்து? கடிகாரத்தை வித்தா?" அவர் சாவியை எடுத்து ஊதினார். "உன் கோபத்துக்கு மாச வாடகை வாங்கியிருந்தா இந்நேரம் ரெண்டு மாடி எழுப்பியிருக்கலாம். சரி, கையைத் தூக்குறே. கம்பெனி கவுருது. அந்தாளு மூழ்குறான். மூழ்கிட்டு என்ன சொல்லுவான்?"

அவளுக்கு அது தெரியும். இருந்தாலும் அவர் வாயால் வரட்டும் என்று நின்றாள்.

"காத்து மாறிடுச்சும்பான். உன் பேரு எங்க வருது அதுல? எட்டு வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டிருந்தது காத்துக்கு நல்ல பேரு வாங்கிக் குடுக்கவா?"

"அப்ப கையை இறக்கி அந்தாளைக் காப்பாத்தச் சொல்றீங்களா?"

"நான் சாவி வெட்டுறவன்மா. கதவைத் திறக்கிறதா வேணாமான்னு வீட்டுக்காரங்கதான் முடிவு பண்ணணும்" என்று அடுத்த சாவியை எடுத்துக்கொண்டார்.

இதுதான் அவளுடைய சிக்கல். கை தூக்கினால் வானிலை அழிவார், ஆனால் யார் அழித்தது என்று தெரியாமலே அழிவார், கூடவே தங்கையும். கை தூக்காவிட்டால் அவள் யாரென்று அவருக்குத் தெரியவரும், ஆனால் அவர் பணம் தப்பிவிடும். முழுதாகக் கிடைக்கும் பழி அவளுக்குச் சொந்தமாக இருக்காது. சொந்தமாகக் கிடைக்கும் பழி அரைகுறையாக இருக்கும். ஞாயிறு காலை கிளம்பும்போது பையில் எட்டுத் துளை கொண்ட ஒரு பழைய பெட்டியையும் மூன்று கேபிளையும் வைத்தாள். அவள் சூட்டறையிலிருந்து கடைசி நாளில் கேட்டு வாங்கி வந்த பெட்டி. மருத்துவக் கோப்பையும் வைத்தாள். அப்போதும் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. இரண்டுக்கும் தயாராகப் போனாள் என்று சொல்லலாம்.

டிரைவிங் ஸ்கூல் பெண்மணி, "வாங்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். வானிலையின் கை முதலில் உயர்ந்தது. பிறகு தங்கையின் கை. பல் டாக்டர் யோசித்துத் தூக்கினார். பேக்கரிக்காரர், "மாமனார் இல்லாத கம்பெனி, இருந்தாலும் பாவம்" என்று தூக்கினார். ஒன்பது கை உயர்ந்தாயிற்று. அவளுடைய கையும் கிளம்பியது. காது வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். வானிலை அவளைப் பார்க்கவே இல்லை. தலைவியின் முன்னாலிருந்த குறிப்பேட்டின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, "பத்து. எழுதிக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்ணாமலே எண்ணிவிட்டார். அன்று அறைக்குள் வராமலே எழுதியதுபோல.

காதோரத்துக்கு வந்த கையால் அவள் முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறக்கினாள். "ஒன்பது" என்றாள்.

அறை திரும்பிப் பார்த்தது. தங்கை மேசைக்கடியில் அவளுடைய முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். "அக்கா, என்னது இது? சும்மா தூக்கு."

"கை வலிக்குதாம்மா?" என்றார் வானிலை, அதே புன்னகையோடு.

"கை நல்லாத்தான் இருக்கு சார். காரணம் சொல்லணுமில்ல, சொல்றேன்."

நாற்சந்தியிலிருந்து பொம்மைக் கார்களை ஒதுக்கிவிட்டுப் பெட்டியை நடுவில் வைத்தாள். மின்சாரம் கொடுத்தாள். பல் டாக்டரின் மடிக்கணினியையும் தலைவியின் அலுவலகக் கணினியையும் ஆளுக்கொரு கேபிளால் அதில் இணைத்தாள். இரண்டு விளக்கு எரிந்தன. தலைவியின் கணினியிலிருந்த கோப்பு ஒன்று டாக்டரின் திரையில் திறந்தது. ஒன்று விட்டு விட்டுத் துடித்தது, மற்றது எப்போதாவது. "ரெண்டு பேரு பேசுறாங்க. ஒருத்தரைப் போல இன்னொருத்தர் பேச மாட்டாங்க. பாத்துக்குங்க." பிறகு மூன்றாவது கேபிளை எடுத்து, ஒரு முனையை ஒரு துளையிலும் மறுமுனையைப் பக்கத்துத் துளையிலும் செருகினாள். ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நொடி நான்கு விளக்கும் வெறி பிடித்ததுபோல ஒன்றாகத் துடிக்க ஆரம்பித்தன.

"இப்ப அவங்க கணினியில இருந்து இன்னொண்ணைத் திறங்க டாக்டர்."

பல் டாக்டர் தட்டினார், மறுபடி தட்டினார். "ஒண்ணும் வரலையே."

"வராது. தனக்குத் தானே கத்திக்கிட்டிருக்கு. அன்னைக்குக் கண்ணாடி அறையில நீங்க பாத்தது இதுதான். அறுபது பெட்டி. ஒவ்வொண்ணுக்கும் குட்டையா ஒரு மஞ்சள் கேபிள், அதே பெட்டியில கிளம்பி அதே பெட்டிக்குள்ள."

"அது ஒரு டெமோவா இருக்கலாம்மா" என்றார் வானிலை. "எல்லாக் கம்பெனியும் பண்றதுதான்."

பேக்கரிக்காரர் குறுக்கிட்டார். "டெமோன்னு அந்தப் பையன் சொல்லலையே. இருநூறு ஆபீஸுன்னான். நான் பிளாஸ்டிக் கேக்கைக் கண்ணாடிக்குள்ள வைப்பேன், இல்லைங்கல. அதைக் காட்டி இது காலையில வித்த கேக்குன்னு சொல்ல மாட்டேன்."

"உங்களுக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்? கண்ணாடிக்கு வெளியே நின்னு பாத்தது" என்று வானிலை அவளைக் கேட்டார். குரல் கொஞ்சம் ஏறியிருந்தது.

டிரைவிங் ஸ்கூல் பெண்மணி தன் போனை எடுத்து, வானிலை குழுவுக்கு அனுப்பியிருந்த படத்தை ஓடவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். போனில் அறுபது பெட்டி, மேசையில் ஒன்று. ஒரே துடிப்பு. போனிலிருந்து வானிலையின் குரல் கூவியது: "பாருங்க, எல்லாம் எப்படி ஒரே நேரத்துல துடிக்குது! இதுதான் டிமாண்டு!" அவள் கையை நீட்டி மேசையிலிருந்த பெட்டியின் கேபிளைப் பிடுங்கினாள். அதன் விளக்குகள் சட்டென்று அடங்கி, இரண்டு மட்டும் பழையபடி தங்கள் தங்கள் போக்கில் துடித்தன. போனில் டிமாண்டு தொடர்ந்தது. பேக்கரிக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்தது.

ஒன்பது கையும் எப்போது இறங்கின என்று யாரும் கவனிக்கவில்லை.

வானிலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அந்த மனிதர் எழுந்து நின்று கைதட்டினார். "இதுக்குத்தான்! இதுக்குத்தான் நான் இந்த விதியையே வச்சேன். பத்துக் கையும் வேணும்னு அன்னைக்கே சொன்னேன். அம்மா நம்ம எல்லாரையும் காப்பாத்திட்டாங்க." தங்கைகூடக் கைதட்ட ஆரம்பித்தாள். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அவர் தப்பித்தது மட்டுமல்ல, ஜெயித்தும் இருப்பார்.

"விதியில மிச்சப் பாதியும் இருக்கு சார்" என்றாள் அவள்.

தலைவி பொம்மை லாரியை நாற்சந்தியின் குறுக்கே வைத்தார். கைதட்டல் நின்றது. "காரணம் தேறிச்சா?" என்று கேட்டார். யாரும் மறுக்கவில்லை. குறிப்பேடு வானிலையின் முன்னால் நகர்ந்தது.

"அம்மா சொல்லச் சொல்ல எழுதணும். நீங்க வச்ச விதிதான்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பேனாவைத் திறந்தார். அவள் மருத்துவக் கோப்பைப் பிரித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்த அந்தப் பக்கத்தை எடுத்தாள்.

"எழுதுங்க. நான் இருபத்து நாலு வருஷம் ஒரு கம்பெனியில சூட்டறை நடத்தினேன். ஒவ்வொரு பெட்டியையும் மூணு நாள் ஓட்டிப் பார்த்தோம். அது வேடிக்கை இல்ல."

பேனா நின்றது. அவர் முதல்முறையாக அவளை உற்றுப் பார்த்தார். "நீங்க அந்தக் கம்பெனியா?"

"எழுதுங்க சார், பேச்சு அப்புறம். 'வேடிக்கை' விட்டுப்போச்சு."

எழுதினார். "அது என் தொழில்மா. பாத்ததை எழுதினேன்."

"அந்த அறைக்குள்ள வந்தீங்களா?"

"கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன்."

"எவ்வளவு நேரம்?"

அவர் பேனா மூடியைத் திருகினார். சட்டை மட்டும் கலையாமல் இருந்தது.

"அதையும் எழுதுங்க. அன்னைக்கும் கண்ணாடி வழியாப் பாத்தேன், இன்னைக்கும் கண்ணாடி வழியாப் பாத்தேன். அன்னைக்கு நிஜமா இருந்ததை வேஸ்ட்டுன்னு சொன்னேன், இன்னைக்குப் பொய்யா இருந்ததை டிமாண்டுன்னு சொன்னேன். நான் சொன்னதால அறுபது பேருக்கு வேலை போச்சு."

"இதெல்லாம் காரணத்துல வராது" என்றார் வானிலை, தலைவியைப் பார்த்து.

"வரும்" என்றார் பல் டாக்டர். "அவங்க காரணம், அவங்க வார்த்தை. எழுதுங்க."

வேலை போன வரியில் அவருடைய பேனாவில் மை திக்கத் தொடங்கியது. உதறினார், மறுபடி எழுதினார். எழுத்து பாதி விழுந்தது, பாதி வெறும் கீறலாகப் போயிற்று. அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுடைய தொழில். ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி மேலே இன்னொரு முறை எழுதச் சொன்னாள். கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். மை அங்கேயும் சரியாக விழவில்லை.

வெளியே வந்ததும் தங்கை அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பிறகு, "என் பணத்தைக் காப்பாத்தினே. ஆனா அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டவே இல்லையேக்கா, எட்டு வருஷமா" என்றாள். குரலில் நன்றியும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

"காட்டியிருந்தா நீ மறந்துடுன்னு சொல்லியிருப்பே."

"இப்பவாவது திருப்தியா?"

அவள் யோசித்தாள். அவர் பணம் முழுசாகத் தப்பிவிட்டது. அதை நினைத்தால் வாயில் கசந்தது. அவர் கை நடுங்கியதா, அல்லது பேனாதான் மக்கர் செய்ததா என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பேனா என்று அவர் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அந்த இடம் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சரியாகத்தான் நடந்திருந்தது.

பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு ஸ்டேஷனரிக் கடை திறந்திருந்தது. அவள் உள்ளே போனாள்.

"நல்லா எழுதுற பேனாவாக் குடுங்க. மை நிக்கக் கூடாது."

"யாருக்குங்க? பரீட்சைக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தருக்கு எழுத்து வேலை வந்திருக்கு. இன்னும் பதினோரு கூட்டம் இருக்கு."

அவர் நான்கைந்து பேனாவை எடுத்து வைத்தார். அவள் ஒவ்வொன்றாகத் திறந்து கிறுக்கிப் பார்த்தாள். பிடித்த ஒன்றை உடனே வாங்கவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, சூடேறியதும் மறுபடி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினாள்.